சார்னோகைட்டுக்குள் அடைபட்ட பாய்மத்தைப் படித்தறிவது எப்படி?

பூமியின் மேலோட்டின் அடிப்பகுதியிலும் அதற்குக் கீழுள்ள கவசத்திலும் (மேண்டில்) பாறைகளின் இடுக்குகளில் உலவும் பாய்மங்களை நேரில் எடுத்துப் பார்க்க வழியில்லை. மனிதர் இட்ட துளைகளில் மிக ஆழமானவற்றுள் ஒன்றான ரஷ்யாவின் கோலா ஆழ்துளையே 12,262 மீட்டரில் நின்றுவிட்டது. நீலகிரியின் சார்னோகைட் (பைராக்சீன் என்னும் கனிமம் கொண்ட கரும்பச்சைப் பாறை) உருவான ஆழமோ அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். எனவே புவிவேதியியலாளர் அந்தப் பாய்மத்தைத் தேடி ஆழத்துக்குப் போவதில்லை. படிகம் வளரும்போதோ, விரிசல் விட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும்போதோ அதனுள் சிக்கி மேலே வந்து சேர்ந்த துளிகளையே அவர் படிக்கிறார். பாய்ம உட்பொதிவு எனப்படும் இந்தத் துளிகள் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் அளவே இருக்கும். அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை.

முதுநிலை மாணவர்களையும் இந்தத் துறையில் புதிதாக நுழையும் ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். தென்னிந்திய சார்னோகைட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் அருகில் கிடைக்கிறது என்பது மட்டுமன்று. அளவீடு சரியாக இருந்தும் பொருள்கொள்வதில் அறிஞர்கள் பல்லாண்டுகள் முரண்பட்ட பாறை அது. கருவியில் வெப்பநிலையை அளப்பது ஒரு வாரத்தில் கைவரும். எந்தத் துளி எப்போது சிக்கியது என்று தீர்மானிப்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி, அது கருவிக்கு முன்னரே நுண்ணோக்கியின் கீழ் முடிவாகிவிடுகிறது.

முதலில் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தெற்கு நார்வேயின் பாம்ப்ளே வட்டாரத்தை ஆராய்ந்த ஜாக் தூரே, குறைந்த உருமாற்றம் கண்ட பாறைகளில் நீர் மிகுந்த உட்பொதிவுகளும், மிகுந்த வெப்பத்தில் எட்டப்படும் கிரானுலைட் தரத்துக்கு உயர்ந்த பாறைகளில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த உட்பொதிவுகளும் இருப்பதை 1971இல் வெளியிட்டார். அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நிற நைஸ் (பட்டை பட்டையான உருமாறிய பாறை), விரிசல்களையும் இழைப்போக்கையும் ஒட்டித் திட்டுத்திட்டாகக் கரும்பச்சை சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையில் உறைந்து நிற்பதை சி.எஸ். பிச்சமுத்து சுட்டிக்காட்டியிருந்தார். இவ்விரண்டும் 1979இல் ஒன்று சேர்ந்தன: ஜனார்தன், நியூட்டன், ஸ்மித் மூவரும் கீழிருந்து மேலேறிய கார்பன் டை ஆக்சைடு நீராவியின் பங்கைக் குறைத்ததால்தான் நீரைத் தம் அமைப்பில் கொண்ட பயோடைட், ஹார்ன்பிளெண்ட் கனிமங்கள் சிதைந்து நீரற்ற பைராக்சீன் தோன்றியது என்ற விளக்கத்தை முன்வைத்தனர்.

கேட்க அழகான விளக்கம். துளிகளும் அதற்குச் சாட்சி சொல்வதுபோல் இருந்தன. ஆனால் 1987இல் லாம்ப், வேலி, பிரவுன் ஆகியோர் அமெரிக்காவின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் வொலாஸ்டொனைட் என்னும் கால்சியம் சிலிக்கேட் கனிமம் உள்ள பாறையிலும் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு துளிகள் இருப்பதைக் காட்டினர். உச்ச வெப்பத்தில் அந்த வாயு அங்கே இருந்திருந்தால் வொலாஸ்டொனைட் கால்சைட்டாகவும் குவார்ட்ஸாகவும் மாறியிருக்க வேண்டும்; மாறவில்லை. ஆகவே அங்குள்ள துளிகள் உச்சம் கடந்தபின் சிக்கியவை. ஒரே மாதிரியான துளியைக் கொண்டு ஒரு பாறையில் ஒரு முடிவும், இன்னொரு பாறையில் அதற்கு நேர் எதிரான முடிவும் எட்ட முடிகிறது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் “இந்தத் துளி எந்தக் கட்டத்துக்குச் சாட்சி?” என்று எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாதிரி எடுப்பது

ஒற்றைக் கல்லை எடுத்து வருவதில் பயனில்லை. நைஸ், அது நிறம் மாறும் விளிம்பு, முழுமையாக மாறிய சார்னோகைட் என ஒரே பாறைமுகத்தில் தொடராக எடுத்தால்தான் பாய்மம் மாறியதா என்று ஒப்பிட முடியும். கைக்குள் அடங்கும் அளவுக்கு இரு மடங்கான துண்டுகளே போதும். ஆனால் வடக்குத் திசையையும் மேற்புறத்தையும் அழியா மையால் குறித்துவிட வேண்டும், ஏனெனில் பின்னால் துளிவரிசைகளின் போக்கைப் பாறையின் விரிசல் திசையோடு பொருத்திப் பார்க்க நேரும். குவாரியில் வெடிவைத்த துளையை ஒட்டிய கல்லைத் தவிர்த்துவிடுங்கள். அதிர்ச்சியில் புதிய நுண்விரிசல்கள் தோன்றியிருக்கும். பழுப்பேறிய மேற்பரப்பும் வேண்டாம். உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற பளபளப்பும் பச்சைச் சாயலும் தெரியும் புதுக்கல்லே நல்லது.

நீலகிரியில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக மோயாற்றை நோக்கிப் போகப்போகப் பாறை காட்டும் அழுத்தம் கூடிக்கொண்டே செல்கிறது. எனவே மாதிரி எடுத்த இடத்தைச் சரியாகப் பதியாமல் விட்டால் பின்னர் கிடைக்கும் அடர்த்தி எண்ணுக்குப் பொருளே இருக்காது.

இருபுறமும் மெருகிட்ட தகடு

சாதாரண நுண்தகடு 30 மைக்ரான் தடிமன் கொண்டது. அதில் பெரும்பாலான துளிகள் அரைபட்டுத் திறந்துவிடும். உட்பொதிவு ஆய்வுக்கு 100 முதல் 150 மைக்ரான் தடிமனில், இரு முகங்களையும் மெருகேற்றிய தகடு தேவை. கார்னெட்டைப் பார்க்க வேண்டுமானால் சற்றே மெலிதாக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது வெப்பம். கல்லை மெதுவாகச் சுழலும் வைர ரம்பத்தில் நீர் விட்டு அறுக்க வேண்டும். சூடாக்கி உருக்கும் பசையைத் தவிர்த்து, அசிட்டோனில் கரையக்கூடிய குளிர்பசையால் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு துளி என்பது விசில் இல்லாத குக்கர்: கொள்ளளவு மாறாது, சூடேற்றினால் உள்ளே அழுத்தம் மட்டும் ஏறும். தகடு செய்பவர் அவசரத்தில் சூட்டுத்தட்டில் வைத்துவிட்ட மாதிரியில் சில துளிகள் வெடித்துக் கசிந்திருக்கலாம், பார்ப்பவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

மெருகேற்றி முடித்தபின் அசிட்டோனில் ஊறவைத்துத் தகட்டைக் கண்ணாடியிலிருந்து பிரித்து, கட்டைவிரல் நகமளவுத் துண்டுகளாக உடைத்துக்கொள்ளலாம். உடைக்கும் முன் முழுத் தகட்டையும் படமெடுத்து, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எண்ணிட்டு வையுங்கள்.

நுண்ணோக்கியின் கீழ்: அவசரப்படக் கூடாத கட்டம்

குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். 4 மடங்கில் முழுத் துண்டையும், 10 மடங்கில் ஒவ்வொரு படிகத்தையும் பார்த்து, துளிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று வரைந்துகொண்ட பிறகே 40 அல்லது 50 மடங்குக்குப் போக வேண்டும். நேராகப் பெரிய துளியைத் தேடிப்போகும் பழக்கம் பலருக்கும் உண்டு. பெரிய துளிதான் எளிதில் கசிவது, எளிதில் உருமாறுவது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

துளிகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். படிகம் வளரும்போதே சிக்கியவை முதல்நிலைத் துளிகள். அவை தனித்தோ, வளர்ச்சிப் பட்டைகளை ஒட்டியோ, படிகத்தின் நடுவே கொத்தாகவோ இருக்கும். படிகம் வளர்ந்து முடிந்தபின் விரிசல் விட்டு ஆறியபோது சிக்கியவை இரண்டாம்நிலை. அவை ஒரு தளத்தில் வரிசையாக ஓடி, படிகத்தின் விளிம்பைக் கடந்து அடுத்த படிகத்துக்குள்ளும் நுழையும். மூன்றாவது வகை போலி இரண்டாம்நிலை: விரிசல்தான், ஆனால் படிகம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தபோது தோன்றியது. அந்த வரிசை படிகத்தின் உட்பகுதியிலேயே, ஒரு வளர்ச்சி எல்லையில் நின்றுவிடும். நுண்ணோக்கியின் குவியத் திருகை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஒரு வரிசை தகட்டுக்குள் சாய்வாக இறங்குவதும், எங்கே நிற்கிறது என்பதும் தெரியவரும். இந்தத் திருகலில் செலவிடும் நேரம்தான் முழு ஆய்வையும் தாங்குகிறது.

சார்னோகைட்டில் ஒரு சிக்கல் உண்டு. குவார்ட்ஸ் எளிதில் உருக்குலைந்து மறுபடிகமாகும் கனிமம். அதில் காணப்படும் பெரும்பாலான துளிகள் பாறை மேலேறி வந்த காலத்தவை. கார்னெட்டும் பிளேஜியோகிளேஸும் அதைவிட உறுதியாகப் பழையதைப் பிடித்துவைக்கும். ஆகவே, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன என்பதற்காகக் குவார்ட்ஸில் உள்ள துளிகளை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாமல், கார்னெட்டின் நடுவே தனித்து நிற்கும் சிறு கொத்தைத் தேடிப் பிடியுங்கள்.

அளவீட்டின் அலகு தனித் துளி அன்று. ஒரே நேரத்தில் சிக்கியவை என்று நீங்கள் கண்ணால் காட்டக்கூடிய ஒரு கூட்டமே அலகு. ஒரே கூட்டத்தைச் சேர்ந்த துளிகள் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தர வேண்டும். தராவிட்டால் அந்தக் கூட்டம் பின்னால் குலைந்திருக்கிறது, அல்லது அது ஒரே கூட்டமன்று. இப்படிக் கூட்டமாகப் பிரிக்காமல் ஐம்பது துளிகளின் எண்களை ஒன்றாகக் கொட்டிப் பட்டை வரைபடம் போடும் ஆய்வேடுகள் இன்றும் வருகின்றன. அந்த வரைபடத்தின் உச்சம் எதற்கும் சாட்சியாகாது.

நம் ஊரில் செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பம் 31.1 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழேதான் துளிக்குள் திரவமும் வாயுக்குமிழும் தனித்தனியே தெரிய வாய்ப்புண்டு. குளிரூட்டி இல்லாத சென்னை ஆய்வகத்தில் மே மாதப் பிற்பகலில் பார்த்தால் எல்லாத் துளிகளும் குமிழற்ற ஒற்றை நிலையாகவே தோன்றும், விளக்கின் சூடும் சேர்ந்துகொள்ளும். அறையை 20 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டு மறுபடி பாருங்கள். அடர்த்தி குறைவான துளிகளில் கருவளையமிட்ட குமிழ் தோன்றி நடுங்கத் தொடங்கும். அப்போதும் குமிழே தோன்றாமல் ஒற்றை நிலையாக நிற்பவை மிக அடர்ந்தவையாக இருக்கலாம். அவையே ஆழத்துக்கு நெருங்கியவை, அவற்றை வெறுமை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

உறையவைத்து உருக்குதல்

இதற்கென உள்ள குளிர்-வெப்ப மேடை, திரவ நைட்ரஜனைக் கொண்டு ஏறத்தாழ −196 டிகிரி வரை இறங்கவும் 600 டிகிரி வரை ஏறவும் வல்லது. அளப்பதற்கு முன் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்: செயற்கையாகச் செய்த தூய கார்பன் டை ஆக்சைடு துளி −56.6 டிகிரியிலும், தூய நீர்த்துளியின் பனி 0 டிகிரியிலும் உருக வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மேடையின் சாளரத்தில் உறைபனி படிந்து காட்சியை மறைக்கும். உலர் நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே வேலை செய்தால் இது நேராது.

துளியை −100 டிகிரிக்குக் கீழே விரைவாகக் கொண்டுபோங்கள். குமிழ் திடுமென நசுங்கி, உள்ளே மணல்போன்ற திண்மம் தோன்றும். பிறகு −70 வரை நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்திலும், அதன்பின் நிமிடத்துக்கு அரை டிகிரி வேகத்திலும் சூடேற்றுங்கள். தூய கார்பன் டை ஆக்சைடாக இருந்தால் −56.6இல் அந்தத் திண்மம் ஒரு துடிப்போடு உருகிக் குமிழ் விடுபடும். அந்தத் துடிப்பைக் கண் தவறவிடாது. அதற்குக் கீழே உருகினால் மீத்தேனோ நைட்ரஜனோ கலந்திருக்கிறது என்று பொருள். எது என்பதை இந்த மேடை சொல்லாது.

தொடர்ந்து சூடேற்றும்போது குமிழ் சுருங்கி, இங்குமங்கும் துள்ளி, ஒரு கணத்தில் திரவத்துக்குள் மறையும். இந்த ஒருநிலையாகும் வெப்பமே அடர்த்தியைத் தருகிறது. நீரும் சேர்ந்திருக்கும் துளிகளில் இரண்டுக்கும் இடையே கிளாத்ரேட் எனும் பனிபோன்ற பொருள் தோன்றும். உப்பில்லாத நீரில் அது +10 டிகிரியில் உருகும், உப்பு கூடக்கூட உருகுநிலை இறங்கும். வாயு இல்லாத நீர்த்துளியானால் பனியின் உருகுநிலையே உப்பளவைக் காட்டும்: −5 டிகிரியில் உருகினால் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 7.9 எடை விழுக்காடு, −21.2 டிகிரி அதன் எல்லை, அங்கே 23.2 விழுக்காடு. பனி −50 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கினால் கால்சியம் குளோரைடையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் குளிர்வித்தல், பிறகே சூடேற்றல் என்பது சார்னோகைட்டுக்குச் சரியான வரிசை. கால்சைட், ஃபுளோரைட் போன்ற மென்மையான கனிமங்களில் உள்ள நீர்த்துளிகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. பனி விரிந்து துளியையே நீட்டிவிடும் என்பதால் அவற்றில் வெப்ப அளவீட்டை முன்னதாக முடித்துவிடுவது நல்லது.

எண்ணிலிருந்து ஆழத்துக்கு

ஒரு துளி −14 டிகிரியில் திரவமாக ஒருநிலையாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.0 கிராம். அதே பாறையில் இன்னொரு வரிசை +20 டிகிரியில் ஒருநிலையாகிறது; அதன் அடர்த்தி 0.77 கிராம்தான். அடர்த்தி மாறாமல் வெப்பமும் அழுத்தமும் மட்டும் மாறும் கோட்டை, அதாவது சமகொள்ளளவுக் கோட்டை, ஒவ்வொன்றுக்கும் வரைய வேண்டும். கோடு மட்டும் போதாது. எந்த வெப்பநிலையில் அதை வெட்டுவது என்பதைக் கனிமங்களின் வேதிச்சமநிலையிலிருந்து தனியாகக் கண்டறிய வேண்டும். கார்னெட்-பைராக்சீன் வெப்பமானி 750 டிகிரி என்று சொல்வதாகக் கொண்டால், முதல் துளி 5 முதல் 6 கிலோபார் (ஒரு கிலோபார் ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தையும், இரண்டாவது ஏறத்தாழ 3 கிலோபாரையும் காட்டும். முன்னது 20 கிலோமீட்டரை ஒட்டிய ஆழம். பின்னது அதில் பாதியளவு.

இதே பாறையின் கனிமங்கள் 6 கிலோபார் காட்டினால் முதல் துளி உச்சத்தை ஒட்டிச் சிக்கியிருக்கலாம் என்ற அளவுக்கே சொல்லலாம். பொருந்துகிறது என்பதாலேயே அது நிரூபணமாகிவிடாது. உச்சத்துக்குப் பிறகு அழுத்தம் பெரிதாகக் குறையாமல் வெப்பம் மட்டும் தணிந்திருந்தால், பின்னால் சிக்கிய துளியும் அடர்த்தியாகவே இருக்கும். இரண்டாவது துளியைப் பொறுத்தவரை, அதை 750 டிகிரியில் வெட்டியதே தவறாக இருக்கக்கூடும், ஏனெனில் அது சிக்கியபோது பாறை ஆறிவிட்டிருக்கலாம். நீர்த்துளிகளுக்கும் இதே கட்டுப்பாடு: ஒருநிலையாகும் வெப்பம் சிக்கிய வெப்பத்தின் கீழ்எல்லை மட்டுமே.

ராமன் நிறமாலை

மேடை சொல்லாததை, லேசர் ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு மூலக்கூறுகளை அடையாளம் காணும் ராமன் நிறமாலை சொல்லும். கார்பன் டை ஆக்சைடு 1285, 1388 ஆகிய அலையெண்களை ஒட்டி இரட்டைக் கோடுகளையும், மீத்தேன் 2917இல் ஒரு கோட்டையும், நைட்ரஜன் 2330ஐ ஒட்டி ஒரு கோட்டையும் தரும். கார்பன் டை ஆக்சைடின் இரு கோடுகளுக்கு இடையேயான தொலைவு அடர்த்தியோடு கூடுவதால், மேடையில் பெற்ற அடர்த்தியைச் சரிபார்க்கவும் அது உதவுகிறது. நைட்ரஜனில் மட்டும் விழிப்பாக இருங்கள்: லேசர் கடந்துவரும் அறைக்காற்றும் அதே கோட்டைத்தான் தருகிறது. துளியின் மீது ஒரு முறையும், பக்கத்திலுள்ள வெறும் படிகத்தின் மீது அதே ஆழத்தில் ஒரு முறையும் அளந்து கழித்துப் பார்க்காமல் “நைட்ரஜன் உண்டு” என்று எழுத வேண்டாம்.

துளி சொல்லாமல் விடுவது

கார்பன் டை ஆக்சைடு மட்டுமே இருப்பதுபோல் தோன்றும் துளியின் சுவரில் நீர் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கக்கூடும். கொள்ளளவில் பத்து விழுக்காடு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். துளியை 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, நீர் வாயுவில் கரைந்தபின் ராமன் எடுத்தால் அதைக் கண்டுபிடிக்கலாம். குவார்ட்ஸ் உருக்குலையும்போது நீர் மட்டும் கசிந்து வெளியேறி, கார்பன் டை ஆக்சைடு பின்தங்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் இன்று நீங்கள் காண்பது மீதிதானே தவிர முதலில் சிக்கிய கலவையன்று.

இதைவிட ஆழமான ஒரு பாகுபாடும் இருக்கிறது. குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே கார்பன் டை ஆக்சைடு பரவாமல் தனித்தனிப் பைகளாக ஒதுங்கி நிற்கும் தன்மையது. அடர்ந்த உப்புநீரோ மணிகளின் விளிம்புகளை நனைத்து இழையாக ஓடிவிடும். வாட்சனும் பிரெனனும் 1987இல் சோதனை மூலம் காட்டியது இதுதான். தங்கிவிடும் பாய்மம் சிக்குகிறது, ஓடிவிடும் பாய்மம் சிக்குவது அரிது. உப்புநீரும் நீரின் செயல்திறனை (வேதிவினையில் நீர் பங்கேற்கும் அளவை) குறைத்துப் பைராக்சீனைத் தோற்றுவிக்க வல்லது என்பதையும், அதோடு பொட்டாசியம் போன்ற தனிமங்களைச் சுமந்து செல்லக்கூடியது என்பதையும் நியூட்டன், கிரெய்க் மேனிங், அரனோவிச் ஆகியோர் பின்னாளில் சோதனைகளால் நிறுவியபோது, கப்பல்துர்காவின் பழைய விளக்கமே மறுபரிசீலனைக்கு வந்தது. எனவே மங்கலாக, ஒழுங்கற்ற வடிவில், சிலவேளை உள்ளே ஒரு சிறு உப்புக் கனசதுரத்தோடு நிற்கும் நீர்த்துளிகளை ஒதுக்காமல் பதிவு செய்யுங்கள். எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவற்றின் பங்கும் குறைவு என்று முடிவு கட்டுவது சரியன்று.

கவசத்தின் மாதிரிகளுக்கு இதே முறை சில மாற்றங்களோடு பொருந்தும். எரிமலைக்குழம்பு அள்ளி வந்த ஒலிவின் கற்களில் திரவக் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை எட்வின் ரோடர் 1965இலேயே காட்டினார். ஆனால் மேலேறும் வழியில் ஒலிவினின் துளிகள் பெருமளவு வெடித்துவிடுவதால், அவை காட்டும் அழுத்தம் பெரும்பாலும் எரிமலைக்குழம்பு இடையில் தங்கிய ஆழத்தையே குறிக்கும். வைரம் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஆயினும் அதன் துளிகளைக் கண்ணால் பார்த்து உருக்கி அளக்க முடியாது. அவை மைக்ரானுக்கும் சிறியவை என்பதால் அகச்சிவப்பு நிறமாலையையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியையும் நாட வேண்டும்.

அழிக்கும் சோதனைகள் கடைசியில்

லேசரால் துளியைக் குடைந்து உள்ளிருக்கும் உலோகங்களை அளப்பதும், படிகத்தை வெற்றிடத்தில் நசுக்கி ஆர்கன், ஹீலியம் ஐசோடோப்புகளை எடுப்பதும் துளியை அழித்துவிடும் சோதனைகள். நுண்ணோக்கிப் படம், உறைநிலை எண், ராமன் மூன்றும் ஒரே கூட்டத்துக்குப் பதிவான பிறகே அவற்றுக்குப் போக வேண்டும். நசுக்கும் சோதனை ஒரு படிகத்திலுள்ள எல்லாத் தலைமுறைத் துளிகளையும் ஒருசேரத் திறந்துவிடுவதால், ஒரே வகைத் துளி மேலோங்கி நிற்கும் படிகத் துண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் கையால் பொறுக்கி எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆய்வு முடிவை எழுதும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மாதிரி, படிகம், கூட்டம், துளியின் வகை ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, மீதித் தகடுகளைச் சூடுபடாத இடத்தில் எண்ணிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து வருபவர் உங்கள் எண்ணை மறுக்க விரும்பினால் அதே துளியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.